குளிர்த்தி காணாத நெஞ்சுகள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



வைகாசி மாதம் வந்தால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறப்பார்கள். செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு, வந்தாறுமூலை என்று ஊர் ஊராக இது நடைபெறும். இரவிரவாக வழக்குரை பாடுவார்கள். கோவலன் கொலையுண்டதும், கண்ணகி அரசவைக்குச் சென்று நீதி கேட்டதும், மதுரை எரிந்ததும் அந்தப் பாடல்களிலே வரும். கடைசி நாளில் குளிர்த்தி நடைபெறும். அநியாயத்தைக் கண்டு கொதித்த அம்மனின் வெப்பத்தைத் தணிக்கும் சடங்கு அது. அம்மன் குளிர்ந்தால் ஊர் குளிரும், மழை பெய்யும், அம்மை நோய் அண்டாது என்பது நம் மூத்தோரின் நம்பிக்கை.

இந்தச் சடங்கைப் பக்தி விடயமாக மட்டுமே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். இதற்குள்ளே மனித மனத்தைப் பற்றிய ஓர் அறிவும் இருக்கிறது என்பது என் எண்ணம். தாங்க முடியாத இழப்புக்கு ஆளானவரின் உள்ளம் கொதிக்கும். அந்தக் கொதிப்பைத் தனியொருவரின் தலையில் விட்டுவிடக் கூடாது. ஊர் கூடித்தான் அதைத் தணிக்க வேண்டும் என்பதே அந்த அறிவு. போர்க்காலத்தில் மட்டக்களப்பு மக்களின் மனங்களுக்கு, அதிலும் பிள்ளைகளின் மனங்களுக்கு, என்ன நேர்ந்தது என்பதை இந்தக் குளிர்த்தியை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள நிலப்பகுதி எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். மேற்கே வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. சூரியன் படும் பக்கம். மீன் பாடும் தேன்நாடு என்று புகழப்படுகின்ற இந்த நாட்டிலே தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பின்னிப் பின்னிக் கிடக்கின்றன. ஆரையம்பதியில் நின்று கூப்பிட்டால் காத்தான்குடியில் கேட்கும். ஒருவரின் வயலில் மற்றவர் வேலை செய்தார். ஒருவரின் தறியில் நெய்த துணியை மற்றவர் உடுத்தார்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் தொடங்கியது. அதன்பின் வந்த நான்கு மாதங்களில் இந்த வாவிக்கரையில் நடந்தவற்றைத் திகதி வாரியாகச் சொன்னாலே போதும், வேறு விளக்கம் தேவையில்லை. ஜூலை 12ஆம் திகதி காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பிரயாணிகள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். ஒரு கிழமை கழிந்தபின் ஏறாவூரிலும் அதேபோல் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் பிடித்துச் சென்றார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. நான்கு நாட்கள் கழித்து, செப்டெம்பர் 9ஆம் திகதி, சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் இருந்த 184 பேர் இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களிலே கைக்குழந்தைகளும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 12ஆம் திகதி படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுக் கிராமங்களில் மீண்டும் ஒரு படுகொலை நடந்தது.

இறந்தவர்களின் தொகையை ஆணைக்குழுக்கள் எழுதின. உயிரோடு இருந்தவர்களின் உள்ளம் என்ன ஆனது என்று எழுத அன்று யாரும் இருக்கவில்லை.

நான் அந்த ஆண்டுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "எங்கள் வாவி" என்று கட்டுரை எழுதச் சொன்னால் முன்னைய பிள்ளைகள் பாடும் மீனையும், நிலாக் காலத்தையும், தோணியையும் எழுதுவார்கள். தொண்ணூறுக்குப் பின்வந்த பிள்ளைகளின் கொப்பிகளில் மீன் பாடவில்லை. பாலத்தடியில் இருக்கும் சென்றி, இறங்கி நடக்க வேண்டிய இடம், அடையாள அட்டை, மிதந்து வந்த பிரேதம் என்பவைதாம் இருந்தன. ஒரு பிள்ளை ஒரு பக்கம் முழுவதும் எழுதிவிட்டு, தகப்பனைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருந்தது. தகப்பன் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாத கேள்வி என்பது வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்தக் கேளாமைதான் அன்றைய பெரிய நோய் என்று இப்போது தோன்றுகிறது. யார் கொண்டுபோனார்கள் என்று சொன்னால் ஒரு பக்கத்துக்குப் பயம். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடிக்கும். சுற்றிவளைப்பின்போது முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் தலையை அசைத்தால் ஓர் உயிர் போய்விடும் என்றிருந்த காலத்தில், அடுத்த வீட்டாருடனும் மனம் விட்டுக் கதைக்க முடியாது. அழுகை இருந்தது. அழுவதற்கு இடம் இருக்கவில்லை.

போர் மனத்தைக் குலைக்கும் என்பதை உலகம் மிகவும் பிந்தித்தான் ஒத்துக்கொண்டது. முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளிலிருந்து மீண்ட போர்வீரர்கள் பேச்சிழந்து, கைகால் நடுங்கி நின்றபோது, அதை "ஷெல் அதிர்ச்சி" என்று 1915இல் மருத்துவ ஏட்டில் எழுதினார் சார்ள்ஸ் மயர்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர். கோழைகள் என்று பழிக்கப்பட்டவர்களும் அவர்களிலே இருந்தார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்தபின், 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர்கள் இந்த நோய்க்குத் தம் நூலில் நிலையான ஒரு பெயரைக் கொடுத்தார்கள். அந்தப் பெயரும் படைவீரனை முன்வைத்தே பிறந்தது. போர் முடிந்து வீடு திரும்பியவனுக்கு வரும் துன்பம் அது. வீடே போர்க்களமாகிவிட்ட ஒரு குழந்தைக்கு, போர் முடியாமலே இருக்கும்போது, "பின்" என்று சொல்ல ஒரு காலம் ஏது?

தமிழிலே இதற்கு ஒரு சொல்லைத் தந்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம். "மனவடு" என்பது அந்தச் சொல். காயம் ஆறினாலும் வடு நிற்கும் என்ற கருத்து அதனுள்ளே இருக்கிறது. 1998இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் பெயரும் வடுப்பட்ட மனங்கள் என்ற பொருளையே தருகிறது. போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று அவர் தொடர்ந்து எழுதிவந்தார். ஆகவே மருந்தும் தனிமனிதருக்கு மட்டும் கொடுத்தால் போதாது.

எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்குப் பழைய சொற்கள் இருந்தன. பிள்ளை வெருண்டு போச்சு என்பார்கள். ஏங்கிப் போச்சு என்பார்கள். நெஞ்சு பத்தி எரியுது, தலை விறைக்குது, கைகால் உளையுது என்று பெண்கள் வைத்தியசாலைக்கு வருவார்கள். வைத்தியர் தலையிடிக் குளிசை கொடுப்பார். உண்மையில் உளைந்தது கைகால் அல்ல. கவலை என்று சொல்லத் துணியாதவர்கள் உடம்பைக் கொண்டு சொன்னார்கள்.

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் பகிடியாகச் சொல்வதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். மந்திரமும் மருந்தும் வல்ல நாடு என்ற பேர் அந்தப் பகிடியின் பின்னே இருக்கிறது. வெருண்ட பிள்ளைக்கு நூல் கட்டவும், தண்ணீர் ஓதிக் கொடுக்கவும் ஊருக்கு ஊர் பரிகாரிமாரும் மந்திரிப்போரும் இருந்தார்கள். முஸ்லிம் ஊர்களிலும் ஓதிப் பார்ப்பவர்கள் இருந்தார்கள். தமிழர் அவர்களிடம் போவதும், முஸ்லிம்கள் இவர்களிடம் வருவதும் சாதாரணம். ஆங்கில வைத்தியமோ மனநோயாளரை ஊரிலிருந்து பிரித்துத் தூரத்தே வைத்தது. 1920களில் கொழும்புக்கு அருகே அங்கொடையில் கட்டப்பட்ட பெரிய ஆஸ்பத்திரிதான் நெடுங்காலம் நாட்டின் பெரிய போக்கிடமாக இருந்தது. அங்கொடை என்ற ஊர்ப்பெயரே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. சோதனைச் சாவடிகளைத் தாண்டி, மொழி தெரியாத இடத்துக்கு, வெருண்ட பிள்ளையை எந்தத் தாய் கொண்டுபோவாள்?

இனி, காணாமற்போதல் என்ற கொடுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பின் மனவடுவில் இதுவே மிக ஆழமானது.

ஒருவர் இறந்தால் துக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இந்துக்கள் எட்டுச் செய்வார்கள், முப்பத்தோராம் நாள் செய்வார்கள், பிறகு ஆட்டைத் திவசம். கத்தோலிக்கர் இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். முஸ்லிம்கள் கத்தம் ஓதுவார்கள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். மூன்று சமயமும் செய்வது ஒன்றுதான். துக்கத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வகுத்து, துக்கித்தவரை மீண்டும் ஊரோடு சேர்த்துவிடுகின்றன.

பிரேதம் இல்லாவிட்டால்? நாள் எண்ணுவது எங்கே தொடங்குவது? எட்டுச் செய்தால் பிள்ளையைத் தானே கொன்றதாகத் தாய்க்குத் தோன்றும். செய்யாவிட்டால், இறந்திருந்தால் அவன் ஆன்மா அலையுமே என்று தோன்றும். பொட்டு வைப்பதா, அழிப்பதா? இத்தா இருப்பதா, காத்திருப்பதா? எனக்குத் தெரிந்த ஒரு தாய் பல ஆண்டுகளாக இரவுச் சோற்றில் ஒரு பங்கை மூடி வைத்துவிட்டுத்தான் படுப்பார். விடியற்காலையில் அது கோழிக்குப் போகும். அடுத்த இரவும் மூடி வைப்பார். அவரைப் பைத்தியம் என்று யாரும் சொன்னதில்லை. ஏனெனில் அந்த ஊரில் பல வீடுகளில் இப்படி ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது.

வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்த போலின் பொஸ் என்ற அறிஞர் இதற்குத் தெளிவில்லாத இழப்பு என்று பெயரிட்டார். எல்லா இழப்புகளிலும் இதுவே தாங்க மிகக் கடினமானது என்பது அவர் கருத்து. காரணம், துக்கம் உறைந்துபோய் நின்றுவிடுகிறது. அதைக் குணப்படுத்த முடியாமற் போவது அந்தப் பெண்ணின் பலவீனத்தால் அல்ல. விடை கிடைக்காத கேள்வி ஒன்று அவள் வீட்டில் குடியிருப்பதனால்.

அரசாங்கம் தந்த கடதாசியும் இந்தத் துன்பத்தைக் கூட்டியது. 1995ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. நட்டஈடும் வேறு உதவிகளும் பெற அது தேவைப்பட்டது. பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டிய தாய், கணவன் செத்துவிட்டான் என்று கையொப்பம் வைக்க வேண்டும். பலர் வைத்தார்கள். பலர் பசியோடு மறுத்தார்கள். இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் 2016இல்தான் சட்டமாக வந்தது. அதற்குள் வந்தாறுமூலையில் பிடிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளே பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

அப்படியானால் அந்த நடு ஆண்டுகளில் இந்த மக்கள் எப்படி நிலைகுலையாமல் இருந்தார்கள்? நான் அறிந்தவரை மூன்று இடங்கள் அவர்களைத் தாங்கின.

முதலாவது அம்மன் கோயில். தொண்ணூறுகளில் காளி, மாரி, கண்ணகை கோயில்களில் வரலாறு காணாத கூட்டம் சேர்ந்தது. தீமிதிப்போரின் வரிசை நீண்டது. பெண்களும் பெருந்தொகையாகத் தீயில் இறங்கினார்கள். சடங்கு நாட்களில் தெய்வமாடுபவர்கள் உருவேறி வாக்குச் சொல்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் முன்னே போய் நிற்பாள். அவள் வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை. தெய்வமாடுபவரின் வாயாலேயே அவள் துன்பம் வெளிவரும். உயிரோடு இருக்கிறான், தெற்கே இருக்கிறான் என்றும் வாக்கு வரும். இனிப் பார்த்திருக்காதே மகளே என்றும் வரும். சில வேளை தெய்வமாடுபவரே அடிபட்டவர்போல் துடித்து விழுந்து அழுவார்.

இதை அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் அக்காலத்தில் மட்டக்களப்பில் தங்கியிருந்து ஆராய்ந்து எழுதினார். வெளியில் யாரும் வாய் திறக்க முடியாத காலத்தில், நடந்தது நடந்ததுதான் என்று ஊர் முன்னிலையில் சொல்லப்பட்ட இடம் அந்தக் கோயில் முற்றம் என்பது அவர் எழுத்தால் உலகுக்குத் தெரியவந்தது. தெய்வத்தின் வாக்குக்கு வழக்குப் போட முடியாது. எந்தப் படையும் தெய்வத்தை விசாரணைக்குக் கொண்டுபோக முடியாது. வாக்கு மெய்யோ பொய்யோ என்று பகுத்தறிவாளர் கேட்கலாம். கேட்கட்டும். அந்தத் தாய் அன்று கோயிலில் பலர் முன்னிலையில் அழுதாள், பலர் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள் என்பது மெய்.

இரண்டாவது இடம் பிள்ளைகளுக்கானது. அதைச் சொல்லுமுன் ஒருவரை நினைவுகூர வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து இளமையில் வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் பல்லாண்டுகள் பணிபுரிந்து, எங்கள் பையன்களுக்குக் கூடைப்பந்து கற்பித்தவர் இயேசு சபைத் துறவியான இயூஜின் ஹேபேட் அடிகளார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், ஏறாவூர்ப் பக்கத்தில், உடன்வந்த தமிழ் இளைஞனோடு அவர் காணாமற்போனார். அவரது உடலும் கிடைக்கவில்லை.

அதே சபையைச் சேர்ந்தவர் போல் சற்குணநாயகம் அடிகளார். உளவளத்துணையில் பயிற்சி பெற்றவர். அவரும் கனடாவிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளரும் மட்டக்களப்புப் பாடசாலைப் பிள்ளைகளை அணுகிச் செய்த ஆய்வு 1999இல் வெளியாயிற்று. வீடு தாக்கப்படுதல், சூடு, அடி, கைது போன்றவற்றை நேரே அனுபவித்த பிள்ளைகள் நூற்றுக்கு 40 பேரளவில் இருந்தார்கள். குடும்பத்தில் ஒருவரை வன்முறைக்குப் பறிகொடுத்தவர்கள் பாதிக்கு மேல். ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குக் கடுமையான மனவடு இருந்தது. வகுப்பில் வாங்குக்கு ஐந்து பேரை இருத்திப் படிப்பித்த எனக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கியது. வாங்குக்கு ஒருவர்.

1996இல் கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் சற்குணநாயகம் அடிகளாரும் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் கூட்டிவரப்பட்டார்கள். கிழமையில் ஒரு நாளாகப் பல மாதங்கள் வந்தார்கள். அங்கே களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள், பிராணிகளுக்குத் தீன் போட்டார்கள். உனக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. களிமண்ணில் செய்த பிசாசும், கதையில் வந்த தீய அரசனும் பிள்ளைக்காகப் பேசின. நடத்தியவர்களோ இந்த மண்ணின் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள். அவர்களிலும் பலர் அதே போரில் அடிபட்டவர்கள்.

இதன் சிறப்பை வெளியூர் நேயர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் ஏறாவூர்ப் பிள்ளைக்குத் தமிழன் என்றால் பயம். சத்துருக்கொண்டான் பிள்ளைக்கு முஸ்லிம் என்றால் பயம். ஊர்காவற் படைகளாலும் கொலைகளாலும் இடையிலே மதில் எழும்பிவிட்டது. பூங்காவிலே இரு பிள்ளைகளும் ஒரே களிமண்ணைப் பிசைந்தபோது, தன்னைப் போலவே மற்றவனும் இரவில் வெருண்டு எழும்புகிறான் என்பது இருவருக்கும் தெரிந்தது. பயத்தைக் குணமாக்க வந்த இடம் பகையையும் சற்றே குணமாக்கியது.

மூன்றாவது இடம் பெண்கள் தாமே உண்டாக்கியது. கிழக்கிலிருந்து கொழும்புக்கு அகதிகளாகச் சென்ற பெண்களுக்காக 1991இல் அங்கே உருவான சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது. சட்ட உதவி, தொழில் என்பவற்றோடு பாட்டும் நாடகமும் அதன் வேலையாயின. "பெண்" என்ற சஞ்சிகையும் வெளிவந்தது. கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியை சித்திரலேகா மௌனகுரு போன்றோர் பெண்களின் எழுத்துக்கு இந்த மண்ணில் ஊக்கம் தந்தார்கள். அவர் 1986இலேயே "சொல்லாத சேதிகள்" என்ற பெண் கவிஞர் தொகுப்பைப் பதிப்பித்தவர் என்பது இலக்கிய நேயர்களுக்குத் தெரியும். அந்தத் தலைப்பே நம் பொருளுக்கும் பொருந்துகிறது. ஒப்பாரியாகத் தனித்து அழுதவள் பலரோடு சேர்ந்து பாடும்போது, அவளுடைய துன்பம் தலைவிதி என்ற பெயரை இழந்து அநியாயம் என்ற பெயரைப் பெறுகிறது.

கோயில், பூங்கா, பெண்கள் வட்டம் ஆகிய இம்மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் துன்பத்தைச் சொல்ல ஓர் இடம் கொடுத்தன. மூன்றிலும் சொன்னவர் தனியே விடப்படவில்லை. மூத்தோர் குளிர்த்தி என்று சொன்னதும் இதுதான்.

ஆனால் காயம் ஆற அவகாசம் கிடைக்கவில்லை. போர்நிறுத்த காலத்திலும் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு இயக்கம் வந்தது. பிள்ளையைக் கொடுக்காமல் ஒளித்து வைத்த தாய்மாரின் நித்திரையற்ற இரவுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 2004இல் புலிகள் இயக்கம் கிழக்கில் பிளவுபட்டபோது நூற்றுக்கணக்கான சிறுவர்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீடு வந்தார்கள். அவர்களிற் சிலர் மீண்டும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26இல் கடல் வந்தது. நாவலடியும் கல்லடியும் திருச்செந்தூரும் அழிந்தன. மாவட்டத்தில் 2,500க்கு மேற்பட்டோர் இறந்தனர். அப்போது மட்டக்களப்பில் மனநல வைத்தியராக இருந்த டாக்டர் மகேசன் கணேசன், மனநல சேவையை ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் அடைக்காமல் ஊர்களுக்குக் கொண்டுசெல்லப் பாடுபட்டவர்களில் ஒருவர். அங்கொடைக் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். 2007இன் தொடக்கத்தில் வாகரையும் படுவான்கரையும் போர்க்களமாகி ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்தது. பத்தாண்டு கழித்து, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நகரிலுள்ள சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்களும் மாண்டார்கள். போரையே காணாத பிள்ளைகள் அவர்கள். அன்று ஊரிலுள்ள முதியவர்கள் பலர் தொண்ணூறாம் ஆண்டுக் கனவுகளை மீண்டும் கண்டார்கள்.

நேயர்களே, உளவளத்துணை நிலையங்கள் இன்று முன்னையதைவிட அதிகம். மனவடு என்ற சொல் பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிகிறது. இவை நல்லவை. ஆயினும் ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் முடிக்க என்னால் முடியவில்லை. துன்பத்தை நோயாக மட்டும் பார்த்தால் குளிசையோடும் ஆலோசனையோடும் கடமை முடிந்துவிட்டதாகிவிடும். சோற்றை மூடி வைக்கும் தாய்க்கு நித்திரைக் குளிசை கொடுக்கலாம். அவள் மகன் எங்கே என்ற கேள்விக்குக் குளிசை இல்லை. ஆர்ஜென்டீனாவில் 1977 முதல் தலைநகர்ச் சதுக்கத்தில் சுற்றி நடந்த தாய்மாரும் மருந்து கேட்டு நடக்கவில்லை. விடை கேட்டு நடந்தார்கள். மட்டக்களப்பில் வீதியோரம் படங்களை ஏந்தி நின்ற தாய்மார் கேட்டதும் அதுவே. குருக்கள்மடத்து மண்ணைத் தோண்டிப் பாருங்கள் என்று கேட்கும் முஸ்லிம் குடும்பங்கள் கேட்பதும் அதுவே. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. வந்தாறுமூலையின் 158 பேருக்கு என்ன நடந்தது என்பதற்கு இன்னும் அந்தத் தாய்மாருக்கு விடை வரவில்லை. விடை வராமலே பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

வைகாசிச் சடங்கின் ஒழுங்கை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். குளிர்த்தி கடைசியில்தான் வருகிறது. அதற்குமுன் பல இரவுகள் வழக்குரை பாடப்படுகிறது. வழக்கை உரைத்து, அரசன் கேட்டு, தவறு தவறென்று சபையில் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே அம்மன் குளிர்கிறாள். வழக்கைப் பாடாமல் நேரே குளிர்த்திக்குப் போன கோயில் எங்கள் நாட்டில் இல்லை.